அட்டையில் பன்னிரண்டு இடம்

இந்த மலையில் அட்டை என்றால் இரண்டு.
ஒன்று மழைக்காலத்தில் காலில் ஏறும்.
மற்றது என் வண்டியின் முன்கண்ணாடியில் தொங்கும்:
பிளாஸ்டிக் உறை, மூலையில் டீக் கறை,
பன்னிரண்டு இடம், இரண்டாயிரத்து இருநூறு,
காத்திருப்பு தனி.
இரண்டுமே ரத்தம் குடிக்கும் என்பான்
ஸ்டாண்டில் எனக்கு முன்னால் நிற்கும் செபஸ்தியான்.

அன்று ஏறியவர்கள் சாத்தூர்க்காரர்கள்.
அவர், மனைவி காந்திமதி,
நோட்டும் பென்சிலுமாகப் பத்து வயதில் ஒரு பெண்.
"ஒண்ணு விடாம காட்டணும்ணே."
காட்டலாம்.
மலை சம்மதிக்க வேண்டும்.

முதல் இடம் வெள்ளி அருவி.
"என்ன வெள்ளை!" என்றார் காந்திமதி.
ஏரி நிரம்பி வழிந்து வருகிற தண்ணீர் அது,
ஊர் கழுவிய அழுக்கும் சேர்த்து.
எல்லாரிடமும் சொல்வதில்லை.
விழுகிற எதுவும் கொஞ்ச நேரம் வெள்ளையாகத்தான் இருக்கும்.

தூண் பாறையில் மேகம்.
மூன்று கல் நிற்கிறது அங்கே, நானூறு அடி,
சத்தியமாக நிற்கிறது என்றேன்.
வெறும் வெள்ளைக்கு முன்னால் நின்று
மூவரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.
பிள்ளை நோட்டில் டிக் போட்டாள்;
பிறகு யோசித்து, பாதியை அழித்தாள்.

பைன் காட்டில் குதிரைச் சாணமும் சூப்பு வாசமும்.
அதில் எந்த மரத்துக்கும் இது சொந்த ஊர் இல்லை,
நட்டு வைத்தது;
அதனால்தான் காலைப் பிரேயர் மாதிரி வரிசையில் நிற்கிறது.
சோலை அப்படி நிற்காது.
சோலை, பந்தியில் இடம் பிடிக்கிற கூட்டம்:
ஒன்றின் தோளில் ஒன்று, அதன் மேல் பாசி,
பாசியின் மடியில் தண்ணீர்.

மத்தியானத்துக்கு மேல் பூம்பாறை.
படிப்படியாகப் பூண்டு வயல், கூரைகளில் காயும் கொத்து.
அதைத் தாண்டிய வளைவில்
ரோட்டின் நடுவே காட்டுமாடு.
நாலு காலிலும் வெள்ளை சாக்ஸ்.
ஹாரன் அடிக்கவில்லை, இன்ஜினை அணைத்தேன்.
அது நிதானமாக எங்களைப் பார்த்து முடித்துவிட்டு
சரிவில் இறங்கியது.
இறங்கிய பிறகும் யாரும் பேசவில்லை.

"தண்ணி சத்தம்" என்றாள் பிள்ளை.

கதவைத் திறந்துவிட்டேன், ஏனென்று தெரியவில்லை.
ஒரு பாறை, தொட்டில் அளவுக்கு ஒரு குழி,
வாளி வைக்க ஒரு மேடு,
பெரணி இலையில் சொட்டி, விட்டு, சொட்டும் ஓடை.
கையை விட்டவள் வெடுக்கென்று எடுத்தாள்:
"கடிக்குது!"
திரும்பவும் விட்டாள்.

"அட்டையில இது எத்தனாவது?"
இல்லை சார்.
"பேரு?"
இங்கே நான் வண்டி கழுவுவேன் என்றேன்.
அது பொய்யில்லை.
பிரிசில்லாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று
இருவரும் இந்தப் பாறையில்
ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததும்
பொய்யில்லை.
ஓர் இடத்துக்குப் பேர் வைத்தால்
மறுநாளே அங்கே மக்காச்சோளம் வேகும்,
அதற்கடுத்த நாள் பார்க்கிங் ரசீது.

மன்னவனூர் ஆட்டுப் பண்ணையைப் பூட்டிவிட்டார்கள்.
பதினொன்றும் பன்னிரண்டும் இல்லை என்று
இருநூறு குறைத்துக் கொடுத்தார் சாத்தூர்க்காரர்.
நியாயம்தான்.

இரண்டு நாள் கழித்துக் கண்ணாடி துடைக்கையில் பார்த்தேன்.
எப்போது உறையிலிருந்து உருவினாளோ,
பன்னிரண்டுக்குக் கீழே பென்சிலில்
'13. வண்டி களுவும் இடம்.'
பக்கத்தில் ஒரு முழு டிக்.

"அது என்னடா கீழே?" என்றான் செபஸ்தியான்.
அழுக்கு என்றேன்.
"துடைக்கிறதுதானே?"
துடைக்கணும்.